கத்திரிப்பூ ரவிக்கை

என் அக்காவின் கல்யாணம் ஒரு ரவிக்கையால் நின்றுபோகப் பார்த்தது. இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். "ரவிக்கையாலயா? போங்கத்தை" என்கிறாள். சிரிக்கட்டும். அந்த ரவிக்கையில் பூப் பின்னித் தைத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

கீழ்வேளூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டின வீடு எங்களுடையது. அப்பா மடத்து நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்தார். விவசாயச் சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். வாசலில் நட்ட மூங்கிலில் செங்கொடி பறக்கும். மழையில் நனைந்து அது நைந்துபோனால், அம்மாவின் பழைய சிவப்புப் புடவையில் ஒரு துண்டு கேட்பார். அம்மா திட்டிக்கொண்டே கிழித்துக் கொடுப்பாள். கோட்டையில் ஆட்சி மாறி, கறுப்பு சிவப்புக் கொடி ஊருக்கு ஊர் ஏறியிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் நெல் பழுத்தால் கூடவே போலீஸ் வேனும் வரும். கூலி நெல்லைக் கூட்டிக் கொடு என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். முடியாது என்று வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். டீக்கடையில் எந்தப் பெஞ்சில் உட்காருகிறான் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள்.

இந்த அமளியில் நான் பாட்டுக்குப் பூப் பின்னிக்கொண்டிருந்தேன்.

அதை நானாகத்தான் பிடித்துக்கொண்டேன். அடுத்த தெருவில் பினாங்கிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டு ரேடியோ மேல் ஒரு நூல் விரிப்பு. கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷா வேலை என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அதன் ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பூக்கள், துணியோடு ஒட்டிக் கிடக்காமல் எழும்பி நின்றன. எனக்குப் பொறுக்கவில்லை. ரேடியோ கேட்கிற சாக்கில் போய், பின்பக்கத்து மூலையில் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன். பிரித்த வழியே திரும்பப் பின்னிவிடலாம் என்று நினைப்பு. எங்கே! நூல் சிக்குப் பிடித்துக் கையில் நின்றது. அந்தம்மா பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், விரிப்பை உருவி என் மடியில் போட்டு, "கெடுத்த கையாலயே சரி பண்ணிக் குடு" என்றார். சைக்கிள் கடையில் ஒரு ஸ்போக் கம்பி கேட்டு வாங்கி, நுனியை வளைத்து, அரத்தால் தேய்த்துக் கொக்கி ஊசியாக்கிக்கொண்டேன். அந்த மூலையைச் சரிபண்ணி முடித்தபோது எனக்குப் பூப் போட வந்துவிட்டது.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து வளையமாக்கிக்கொள்ள வேண்டும். வளையத்தைச் சுற்றி இதழ் இதழாக ஏற்ற வேண்டும். முடிந்ததும் வடித்த கஞ்சியில் முக்கி முறத்தில் காயவைத்தால் மொடமொடவென்று நிற்கும். நெல் விளைகிற ஊரில் கஞ்சிக்கு என்ன பஞ்சம்? குழந்தைக் குல்லாய், கைப்பை, ரிப்பன், ரவிக்கைக் கை என்று தெருவில் யார் எதைக் கொடுத்தாலும் பூ வைத்துத் தைத்துவிடுவேன். அப்பாவின் தோள் துண்டில் ஒன்று வைத்ததற்கு மட்டும் அடி விழப் பார்த்தது.

அக்கா என்னைப் போல வாயாடி இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, கீழ்வேளூரில் பள்ளிக்கூட வாத்தியார். வந்தவர்கள் எல்லோரும் கேசரித் தட்டில் கண்ணாக இருக்க, அவர் மட்டும் அக்காவிடம் நேராகக் கேட்டார்.

"டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கீங்களாமே. ஹையர் எழுதலையா?"

"எழுதணும்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

"எழுதுங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் எழுதலாம்."

அவர்கள் போன பிறகு கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது அக்கா பாடினாள். அவள் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்தக் கல்யாணம் நடந்தே ஆகவேண்டும் என்று அப்போதே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சொந்த நிலம் உண்டு. ஆளுங்கட்சிக்கு அந்த ஊரில் கிளைச் செயலாளர். ஐயர் இல்லாமல், கட்சித் தலைவர் ஒருவர் மாலை எடுத்துக் கொடுக்கிற சீர்திருத்தக் கல்யாணம் என்று பேச்சு. அப்பாவுக்கும் அதில் சந்தோஷம்தான். நிச்சயதார்த்தத்தில் இரண்டு சம்பந்திகளும் ஒரே வெற்றிலைத் தட்டில் கைவிட்டுச் சிரித்துப் பேசினார்கள். ஐப்பசியில் கல்யாணம், குறுவை நெல் வீடு வந்து சேர்ந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அந்தக் குறுவைதான் வினை. அறுப்புக்கு உள்ளூர் ஆட்கள் கூடுதல் கூலி கேட்டதும், மாப்பிள்ளையின் அப்பா வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். சங்கத்து ஆட்கள் வரப்பில் போய் மறித்து நின்றார்கள். முதல் ஆளாக நின்றது என் அப்பா. பெண்ணைக் கொடுக்கப்போகிற வீட்டு வயலில், செங்கொடியை நட்டுவிட்டு! போலீஸ் வேன் வந்தது. நல்ல வேளையாக யாருக்கும் அடி படவில்லை. ஆனால் அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், சைக்கிளில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். பாவம், அவர் போட்டிருந்த செருப்பு தேய்ந்ததோ இல்லையோ, நாக்குத் தேய்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரவிக்கை தைத்து வந்தது. முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். ரவிக்கையைப் பெண் வீட்டார் அளவு பார்த்துத் தைத்துக் கொடுத்தனுப்புவார்கள். இரண்டும் சேர்ந்து மாப்பிள்ளை வீட்டுத் தட்டில்தான் பந்தலுக்கு வர வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாம்பழ மஞ்சளில் பட்டு, அரக்குக் கரை. ரவிக்கையும் மஞ்சள். கைகளின் ஓரம் மொட்டையாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கரைக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று சிவப்பு நூலில் பூப் பின்னி, இரண்டு கையிலும் சுற்றித் தைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ரவிக்கையை மாப்பிள்ளை வீட்டில் கொடுக்கப் போன மாமா, இரண்டு நாளில் அதோடு திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இது வேலைக்கு ஆவாது போலிருக்கு" என்றார் அம்மாவிடம். "கொடிய வரப்புல நட்டது போதாதா, பொண்ணு கையிலயும் நட்டு அனுப்பணுமான்னு கேக்குறாங்க. சம்பந்தியம்மா முகம் குடுத்தே பேசல."

"என்ன கொடி? பூதானே?" என்று கத்தினேன் நான்.

"செவப்புப் பூ" என்றார் மாமா. "செவப்போட கறுப்பும் கலந்து வச்சு அனுப்பட்டும்ங்கிறாங்க. தலைவர் வர்ற கல்யாணமாம்."

அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "கல்யாணப் பொண்ணுக்குக் கறுப்பா! என் வயித்துல பொறந்ததுக்கு நான் கறுப்புப் போட்டு அனுப்பவா? அவங்களுக்கு நல்ல நாள் கெட்ட நாள் கெடையாது, எனக்கு உண்டு."

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுல ஒரு பூவ எடுத்தாலும் இந்தக் கல்யாணம் வேணாம்னு போய்ச் சொல்லு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! என் பூவுக்கு எந்தக் கட்சி உறுப்பினர் சீட்டுக் கொடுத்தது? கரைக்குப் பொருத்தமாக வைத்தேன் என்று நான் தொண்டை கிழியச் சொன்னாலும் கேட்பார் இல்லை. அப்பாவுக்குமே, நான் வேண்டுமென்றுதான் சிவப்பில் பின்னினேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அது இன்னும் எரிச்சல்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மாமா தினமும் ஒரு நிறத்தோடு வருவார். வெள்ளை வைத்தால் என்ன என்பார். "வாயக் கழுவுடா" என்பாள் அம்மா. பச்சை என்பார். அது பழைய ஆட்சிக்காரங்க கொடியில் இருக்கிறதே, இரண்டு வீட்டுக்குமே ஆகாது என்பார் அப்பா. மஞ்சள் என்பார். மஞ்சள் துணியில் மஞ்சள் பூ வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும் என்பேன் நான். பூவே வேண்டாம், பிரித்து எறிந்துவிடு என்றார் கடைசியில். அதற்கு அப்பா சம்மதிக்கவில்லை. செங்கொடியையே அறுத்துப்போட வைத்தோம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்களாம்.

அக்கா பாடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு பாதி தட்டிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை சம்பந்தி நேரில் வருகிறார், நடக்குமா நடக்காதா என்று ஒரே பேச்சாகப் பேசி முடித்துவிடப் போகிறார் என்று மாமா சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முந்தின திங்களோ செவ்வாயோ, மத்தியானம். அப்பா வயலில். அம்மா வாய்க்காலில் துணி துவைக்கப் போயிருந்தாள். வாசலில் சைக்கிள் மணி. பார்த்தால் மாப்பிள்ளை! நிச்சயமான பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, ஊர் சிரிக்கும். எனக்குக் கை கால் ஓடவில்லை.

"உள்ள வாங்க" என்றேன்.

"இல்ல, வரல. உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றார். சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். "பூ நீங்கதான் போட்டதாமே. ஒண்ணு கேக்கணும். உங்க அக்காவுக்கு எந்தக் கலர் புடிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் அப்பா ஒரு நிறம் சொன்னார், சம்பந்தி ஒரு நிறம் சொன்னார், அம்மாவும் மாமாவும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போட்டுக்கொள்ளப் போகிறவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

"இருங்க" என்று கொல்லைப் பக்கம் ஓடினேன். அக்கா கத்திரிப் பாத்தியில் குனிந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்கு எந்தக் கலர் புடிக்கும்?"

"என்னடி திடீர்னு?"

"அட சொல்லு. வாசல்ல ஆள் நிக்குது."

யார் நிற்கிறது என்று அவள் கேட்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போல. முகம் குப்பென்று சிவந்தது. பிறகு கையிலிருந்த கிளையைத் திருப்பி, இலைக்கு அடியில் தலை கவிழ்ந்திருந்த பூவைக் காட்டினாள்.

"இந்தக் கலர்."

கத்திரிப்பூ. தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்குப் போட மாட்டார்கள். எந்தக் கொடியிலும் அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், சிரித்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நூல் இங்க கெடைக்காது" என்றேன்.

"நாகப்பட்டினத்துல கெடைக்கும்ல?" என்று கேட்டுவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. தொப்பலாக நனைந்து, சாப்பாட்டு டப்பாவுக்குள் நூலை வைத்துக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் பந்தலுக்கே தோரணம் கட்டுகிற அளவுக்கு நூல்கண்டு. ஆனால் நிறம் அச்சு அசல். வாடிய பூவை நூலோடு வைத்து வைத்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

சிவப்பை எல்லாம் நானே பிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கத்திரிப்பூ பின்னுவது லேசு இல்லை. மற்றப் பூக்களில் இதழ்கள் தனித்தனியாக நிற்கும். இதில் அடியில் எல்லாம் ஒட்டியிருக்கும், நுனி மட்டும் பிரியும். தனித்தனி இதழாகப் போட்டால் ஏதோ ஒரு பூ, அவ்வளவுதான். கண்ணி விடாமல் வட்டமாகவே கொண்டுபோய், கடைசிச் சுற்றில்தான் இதழைப் பிரிக்க வேண்டும் என்று தெரிவதற்குள் எத்தனை முறை பிரித்தேனோ. நடுவில் மஞ்சள் நூலில் முடிச்சுகள் வைத்தேன். ஐப்பசி மழையில் வெயில் ஏது? கஞ்சியில் முக்கி எடுத்த பூக்களைக் கொதிக்கிற சோற்றுப் பானையின் மூடி மேல் அடுக்கி உலர்த்தினேன். "மூடி மேல என்னடி கத்திரிப்பூவக் காயவைக்கிற?" என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

வெள்ளிக்கிழமையும் மழை. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் கூண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். மாமா குடையோடு பின்னாலேயே வந்தார். கூடத்தில் பாய் விரித்தோம். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை.

"நான் ஒரு ரவிக்கைக்காக வரலீங்க" என்று ஆரம்பித்தார் சம்பந்தி. "எங்க தலைவர் வந்து நடத்திவைக்கிற கல்யாணம். மேடையில பொண்ணு செங்கொடியக் கட்டிக்கிட்டு நின்னா எனக்கு என்னங்க மரியாதை?"

"வெளியூர் ஆள லாரியில எறக்கும்போது என் மரியாதைய நெனச்சுப் பாத்தீங்களா?" என்றார் அப்பா.

"என் வயலு. நான் யார வச்சு வேணாலும் அறுப்பேன்."

"அப்ப என் பொண்ணு. எந்த நெறத்துல வேணாலும் அனுப்புவேன்."

"அனுப்புங்க. எங்க பந்தலுக்கு வேணாம்."

அப்பா எழுந்துவிட்டார். சம்பந்தியும் எழுந்துவிட்டார். "அத்தான், அத்தான், உக்காருங்க" என்று மாமா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா கதவோரம் அழ ஆரம்பித்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். கையில் தாம்பாளம், அதில் ரவிக்கை. நேராக வந்து இரண்டு பேருக்கும் நடுவில் பாயில் வைத்தாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"செவப்பு அப்பாவுக்குப் புடிக்கும். கறுப்பு செவப்பு மாமனாருக்குப் புடிக்கும். எனக்குக் கத்திரிப்பூ கலர்தான் புடிக்கும். கட்டிக்கப் போறது நானு. நான் இதத்தான் போட்டுக்குவேன்."

அக்கா அவ்வளவு பேசி அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டிருக்காது. சம்பந்தியம்மாதான் முதலில் அசைந்தார். ரவிக்கையை எடுத்துக் கையோரத்தைத் தடவி, திருப்பி உள்பக்கம் பார்த்தார்.

"நெசக் கத்திரிப்பூவாட்டமே இருக்கே" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க, இந்தக் கலருக்குக் கட்சி எதுவும் இருக்கா?" என்று கேட்டார்.

சம்பந்தியும் குனிந்து பூவைப் பார்த்தார். "இந்த நூல் ஏதும்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"உங்க புள்ளதான் நாகப்பட்டினம் போயி வாங்கிட்டு வந்தாங்க, மாமா."

சம்பந்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "அன்னைக்கு அடைமழையில சைக்கிள எடுத்துக்கிட்டு எங்க போறான்னு பாத்தேன். பள்ளிக்கூடத்துல வேலைன்னான் படுவா. நூல் வாங்கத்தானா!" என்றார். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அடுத்து என் தாய்மாமன் சிரித்தார். அப்பா சிரிக்கக் கூடாது என்று மீசையை இழுத்து இழுத்துப் பார்த்தார், முடியவில்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். "சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "கூலிச் சண்டைய தாலுகா ஆபீசுல வச்சுக்குவோம். அங்க நான் விட மாட்டேன், சொல்லிட்டேன்."

"நானும் விட மாட்டேங்க" என்றார் அப்பா.

"பந்தல்ல வேணாம்."

"வேணாம்."

ஆறிப்போன காப்பியை இருவரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வேறு காப்பி போட ஓடினாள். அன்றைக்குக் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது அக்கா மறுபடி பாடினாள். நானும் கூடச் சேர்ந்து பாடினேன், எனக்குச் சுருதியே வராது.

கல்யாணம் மழையில் நடந்தது. பந்தல் ஒழுகியது, சாம்பாரில் மழைத்தண்ணீர் விழுந்தது, தலைவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து ஒரு மணி நேரம் பேசினார். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒரே ஒரு நூல் கத்திரிப்பூ குத்தியிருந்தது. நான் கொடுத்ததுதான். கூலிச் சண்டை அப்படியே தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தாலுகா ஆபீசில் இரண்டு சம்பந்திகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மேசையைத் தட்டினார்கள். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. மீதிக்கு அப்பா மறு வருஷமும் வரப்பில் போய் நின்றார். அங்கேயே பேத்தி பிறந்த சேதி வந்து, வரப்பிலிருந்து நேராக மாப்பிள்ளை வீட்டுக்கு அதைச் சொல்லப் போனார். அக்கா ஹையர் பாஸ் பண்ணி, தாலுகா ஆபீசிலேயே டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அடுத்த பேச்சுவார்த்தையின் ஒப்பந்தத்தை அவள்தான் தட்டச்சு செய்தாள். இரண்டு பேரும் அவள் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது மயிலாடுதுறைக்கு. கொக்கி ஊசியை விடவில்லை. இப்போது என்னிடம் பூ வைக்கச் சொல்லி ரவிக்கைகள் வரிசையில் கிடக்கின்றன. என் மருமகள் போனில் படம் எடுத்துப் போட்டால் சென்னையிலிருந்துகூடக் கேட்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு சட்டம். போட்டுக்கொள்ளப் போகிறவள் நேரில் வர வேண்டும், இல்லை போனிலாவது அவளே பேச வேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். கூடவே அவளுடைய அம்மாவும், மாமியாராகப் போகிறவரும். இரண்டு பேரும் நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். ரோஸ்தான் நன்றாக இருக்கும் என்கிறார் ஒருவர், தங்கக் கலர்தான் இப்போது எல்லோரும் போடுகிறார்கள் என்கிறார் இன்னொருவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் செத்த வாய மூடுறீங்களா?" என்றேன். "நீ சொல்லும்மா. உனக்கு எந்தக் கலர் புடிக்கும்?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"கறுப்பு" என்றாள் மெல்ல.

"ஐயையோ, கல்யாணத்துலயா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். என் அம்மாவே எழுந்து வந்துவிட்டாளோ என்று இருந்தது எனக்கு.

"ரவிக்கை யாருக்கு?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"எனக்கு."

நான் கறுப்பு நூல்கண்டைத் தேடி எடுத்தேன்.